மனை எண்ணும் வரைபடக் கோடும்: சிங்கப்பூர் நிலப் பதிவுகள் தரவுத்தளமான விதம்

நிலத்தை எழுத்தில் அடையாளம் காட்ட மூன்று வழிகள் உலகெங்கும் வழக்கில் உள்ளன. முதலாவது நாற்பாங்கெல்லை. கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வாய்க்கால், வடக்கே பொதுப்பாதை, தெற்கே கோயில் நிலம் என்று சொல்லி, இவற்றுக்கு உட்பட்டது இந்த நிலம் என்று முடிப்பது. சோழர் காலச் செப்பேடுகள் தொடங்கி இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் கிரயப் பத்திரம் வரை தமிழர் கைவிடாத முறை இது. இரண்டாவது, ஒரு மூலையில் தொடங்கி, இத்தனை பாகைத் திசையில் இத்தனை தூரம் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டு போய், தொடங்கிய மூலைக்கே வந்து சேர்வது. மூன்றாவது, முறைப்படி அளந்து அரசு ஏற்றுக்கொண்ட வரைபடத்தில் நிலத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை மட்டும் பத்திரத்தில் எழுதுவது. முதல் இரண்டு முறைகளும் நிலத்தைச் சொல்லால் வரைந்துவிடுகின்றன. மூன்றாவது முறை வேறோர் ஆவணத்தைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அந்த ஆவணம் பிழைபட்டால் பத்திரமும் பிழைபடும்.

சிங்கப்பூர் இந்த மூன்றாவது வழியில் நடக்கும் நாடு. அங்கே பத்திரத்தில் இருப்பது எண், எண்ணுக்குப் பின்னால் இருப்பது அளவை வரைபடம், இரண்டும் இன்று புவியியல் தரவுத்தளத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட தரவுத்தளம் சட்டத்துக்குத் துணை நிற்க வேண்டுமானால் இன்றைய எல்லையைச் சரியாகக் காட்டினால் மட்டும் போதாது. அந்த எல்லையை யார் அளந்தார், எந்த ஆவணம் அதற்கு ஆதாரம், எந்த நாளிலிருந்து அது செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீவின் வடகோடியில் ஜோகூர் நீரிணையை ஒட்டியிருக்கும் உட்லண்ட்ஸ், இந்தத் தேவையை வேறெந்த வட்டாரத்தையும்விட நன்றாக எடுத்துக்காட்டுகிறது. ரயில் நிலம், எல்லைச் சோதனைச் சாவடி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகரம், நிலத்தடி ரயில் எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

வரைபடத்துக்கு முன்னும் பின்னும்

1819இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது சிங்கப்பூரில் மனைகள் வாய்மொழியாகவும் சீட்டுகளாகவும் வழங்கப்பட்டன. அளவை அதற்குப் பின்னால்தான் வந்தது. ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை கோயில் கட்ட இடம் பெற்ற கதை அந்தக் காலத்தின் குழப்பத்துக்குச் சரியான சான்று. முதலில் தெலுக் ஆயர் வீதியில் கிடைத்த இடத்தில் வழிபாட்டுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் இல்லை. 1821இல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் அருகே வேறோர் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு உருவான ஜாக்சன் நகரத் திட்டத்தில் அந்தப் பகுதி இந்தியர்களுக்கென ஒதுக்கப்படவில்லை. கடைசியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் தரப்பட்டு, ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கே எழுந்தது. கையில் இருந்த மனையை ஒரு வரைபடம் மாற்றிவிட முடியும் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டார்கள்.

ஜார்ஜ் கோல்மன் செய்த அளவை 1836இல் நகர வரைபடமாக வெளிவந்தது. 1841இல் ஜான் டர்ன்புல் தாம்சன் அரசாங்க நில அளவையாளராகப் பொறுப்பேற்றார். நகரத்தில் 999 ஆண்டுக் குத்தகைகளும், வேறு வகை மானியங்களும் கொடுக்கப்பட்டன. அவற்றின் வரைபடங்கள் அந்தந்த மனையை மட்டும் காட்டின. பக்கத்து மனையோடு அவை பொருந்துகின்றனவா என்று பார்க்க அப்போது யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. மனைகளுக்கு நடுவே காடும் தோட்டமும் கிடந்தவரை அரை மீட்டர் வேறுபாடு யார் கண்ணிலும் படவில்லை. கடைவீடுகள் சுவரோடு சுவராக நெருங்கியபோது அதே அரை மீட்டர் வழக்காகியது.

சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் பார்த்தால் இது விளங்கும். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உள்ளுடலும் கொண்டவை. ஆறு மீட்டர் அகலமும் முப்பது மீட்டர் நீளமும் உள்ள ஒரு மனையில் நீளப்பக்க எல்லை பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் மூன்று சதுர மீட்டர் போய்விடும். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர் இருக்கும் இடத்தில் எல்லைக்கோடு பெரும்பாலும் அந்தச் சுவரின் நடுவே ஓடுகிறது. வீட்டு முன்னால் ஊரார் நடக்கும் ஐந்தடிப் பாதை பல இடங்களில் மனைக்காரரின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. நடப்பவருக்கு வழி உண்டு, நிலம் அவருடையது ஆகாது. தெருவைப் படம்பிடித்தோ வான்படத்தைப் பார்த்தோ இந்த எல்லைகளை வரைந்துவிட முடியாது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு வேறு, சட்டம் சொல்லும் விளிம்பு வேறு.

உரிமைப் பதிவு முறையும் இதோடு சேர்ந்து மாறியது. முன்பு பத்திரப் பதிவு மட்டும்தான் இருந்தது. வாங்குபவரின் வழக்கறிஞர் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்து உரிமை தொடர்ந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் நடைமுறைக்கு வந்த டோரன்ஸ் முறை இதைத் தலைகீழாக்கியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. சிங்கப்பூர் 1956இல் நில உரிமைச் சட்டத்தை இயற்றி, 1960இல் இந்த முறைக்கு மாறத் தொடங்கியது. டோரன்ஸ் வழிச் சட்டங்களில் ஒரு முக்கியமான விதிவிலக்கு பொதுவாக உண்டு. நிலத்தின் எல்லையைத் தவறாக விவரித்துவிட்டால், அந்தத் தவறான பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. பெயரை அரசு காக்கிறது, கோட்டைக் காக்கும் பொறுப்பு அளவைக்கு விடப்படுகிறது. நில அளவைத் துறையையும் பதிவுத் துறையையும் தனித்தனி வீடுகளில் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. 2001 ஜூன் 1ஆம் தேதி நில அலுவலகம், நிலப் பதிவகம், அளவைத் துறை ஆகியவை சிங்கப்பூர் நில ஆணையம் என்ற ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன.

எண்ணின் உடற்கூறு

சிங்கப்பூர் முழுவதும் 64 அளவை வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் 34 முக்கிம்கள், 30 நகர உட்பிரிவுகள். முக்கிம் என்பது மலாய் நாட்டு நிர்வாகத்தில் பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரத்தின் பெயர். நிர்வாக அலகாக அது சிங்கப்பூரில் எப்போதோ மறைந்துவிட்டது, நில எண்ணில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு மனையின் முழு அடையாளம் எம்கே அல்லது டிஎஸ் என்ற முன்னொட்டு, வட்ட எண், ஐந்து இலக்க மனை எண், கடைசியில் ஓர் எழுத்து என்று அமைகிறது. அந்தக் கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. இலக்கம் ஒன்று மாறித் தட்டச்சானால் எழுத்து பொருந்தாது, கணினி அங்கேயே பிழையைப் பிடித்துவிடும். அடுக்குமாடி வீடுகளுக்கு உரிய அடுக்குமனைகளின் எண்ணில் யூ என்ற எழுத்து முன்னால் வரும்.

முகவரியை மனை எண்ணோடு குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கும் தவறு. உட்லண்ட்ஸில் குடியிருப்பவருக்குத் தெரிந்தது புளோக் எண்ணும், 73 என்று தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும். அந்தக் குறியீடு ஒரு கட்டடத்தைக் காட்டுகிறது. மனை எண் காட்டுவதோ ஒரு நிலத்தை. பல புளோக்குகள் ஒரே மனையில் நிற்கலாம், ஒரு கட்டடம் இரண்டு மனைகளின் மேல் கால் வைத்திருக்கலாம், முகவரியே இல்லாத மனைகளும் உண்டு. தரவுத்தளத்தில் இந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று இணைத்தால் தொடக்கத்திலேயே அடித்தளம் கோணிவிடும். பலவற்றுக்குப் பல என்ற உறவாக, தனி அட்டவணை வைத்து இணைப்பதே சரியான வழி.

பழைய எண்கள் வேறு மாதிரி இருந்தன. மனை 76 உடைக்கப்பட்டால் பிறந்த துண்டுகள் 76-1, 76-2 என்று தாய் எண்ணைச் சுமந்தன. தமிழ்நாட்டில் புல எண் 123 உட்பிரிவாகி 123/2ஏ என்று நீள்வதற்கு ஒப்பான முறை. படித்தவுடனே பரம்பரை தெரியும் என்பது அதன் நன்மை. நாலைந்து முறை உடைந்த பிறகு எண் நீண்டு, யாரும் சரியாக எழுத முடியாமல் போவது அதன் தீமை. இப்போதைய முறையில் மனை உடைந்தாலும் பல மனைகள் ஒன்றானாலும் புது எண்கள் பிறக்கின்றன, பழைய எண் வழக்கொழிகிறது. எண்ணைப் பார்த்துப் பரம்பரையை அறிய முடியாது என்பதால், அந்தப் பரம்பரையைக் காக்கும் கடமை முழுதாகத் தரவுத்தளத்தின் மேல் விழுகிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் பிறந்தது, எந்த நாளில், எந்த வரைபடத்தால் என்ற உறவு அட்டவணை இல்லாமல் எண்கள் வெறும் எண்களாகிவிடும்.

கல்லிலிருந்து ஆயத்துக்கு

மனையின் மூலை எங்கே என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடையாக இருந்தது நிலத்தில் நட்ட அடையாளம்: எல்லைக்கல், குழாய், ஆணி. அளவையாளர் அக்கம்பக்கத்துப் பழைய அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து திசையும் தூரமும் எடுத்துப் புது மனையை வகுத்தார். ஒவ்வொரு மனையும் அண்டை மனையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஓயாமல் இடித்துக் கட்டும் நகரத்தில் அடையாளங்கள் தொலைந்துகொண்டே இருந்தன. ஓரிடத்தில் புகுந்த பிழை அதைப் பிடித்த அடுத்த மனைகளுக்கெல்லாம் தொற்றியது.

2004 ஆகஸ்டில் சிங்கப்பூர் ஆய அடிப்படையிலான எல்லை முறைக்கு மாறியது. எஸ்விஒய்21 என்பது அதன் ஆய வலையின் பெயர். உலகப் பொது அளவைக்கோளமான டபிள்யூஜிஎஸ்84 மீது, 1 பாகை 22 கலை வடக்கு, 103 பாகை 50 கலை கிழக்கு என்ற புள்ளியை மூலமாக வைத்து, குறுக்கு மெர்கேட்டர் வீழலில் அது அமைந்திருக்கிறது. மூலப் புள்ளிக்குப் பூச்சியம் தராமல் கிழக்கே 28,001.642 மீட்டர், வடக்கே 38,744.572 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். இதனால் நாட்டின் எந்த மூலைக்கும் எதிர்மறை எண் வராது. உட்லண்ட்ஸ் பெருவிரைவு ரயில் நிலையம் இந்த வலையில் தோராயமாகக் கிழக்கே 22,800, வடக்கே 46,500 என்ற இடத்தில் விழுகிறது. நாடு சிறியது என்பதால் கோளத்தைத் தட்டையாக்குவதில் வரும் நீளப் பிழையும் சிறியது. மைய நெடுவரையிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு மில்லிமீட்டர் அளவுதான். பெரிய நாடுகள் பல மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு தவிக்கும் சிக்கல் இங்கே இல்லை.

இதற்கு முன்பிருந்த வலை காசினி வீழலில் அமைந்தது. அதன் மூலப் புள்ளியின் மதிப்பு இரு திசையிலும் 30,000 மீட்டர். பழைய வலையிலும் புது வலையிலும் எண்கள் பெரும்பாலும் ஐந்து இலக்க மீட்டர்களாகவே வருவதால், ஓர் ஆயத்தை மட்டும் பார்த்து அது எதைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே, எந்த ஆயமும் தன் வலையின் பெயரைக் கூடவே சுமக்காமல் தரவுத்தளத்துக்குள் நுழையக் கூடாது. இது சின்ன விதிபோலத் தோன்றும். நடைமுறையில் மனை வரைபடங்கள் இடம்பெயர்ந்து நிற்பதற்கு இதை மீறுவது ஒரு முக்கியமான காரணம்.

ஆயம் எல்லையைத் தாங்க வேண்டுமென்றால், எந்த நாளிலும் எந்த அளவையாளரும் அதே ஆயத்தை நிலத்தில் மீட்டெடுக்க முடிய வேண்டும். அதற்குத்தான் சைரன்ட் என்ற செயற்கைக்கோள் நிலைய வலையம் 2006இல் ஏற்பட்டது. நாடெங்கும் நிலையாக நிறுவப்பட்ட நிலையங்கள் செயற்கைக்கோள் சமிக்ஞைகளை ஓயாமல் பெற்றுத் திருத்தக் கணக்கை அனுப்புகின்றன. களத்தில் நிற்கும் அளவையாளரின் கருவி அதைப் பயன்படுத்திச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்கிறது. கல் தொலைந்தாலும் எல்லை தொலைவதில்லை.

தரவுத்தளத்துக்குள்

காகித வரைபடத்தைக் கணினிக்குள் கொண்டுவரும்போது பலரும் செய்வது, ஒவ்வொரு மனையையும் தனித்தனிப் பலகோணமாக வரைந்து வைப்பது. பார்க்க அழகாக இருக்கும். உள்ளே அடுத்தடுத்த இரு மனைகளின் பொது எல்லை இரண்டு தடவை, சற்றே வேறுபட்ட ஆயங்களோடு பதிந்திருக்கும். நடுவே மயிரிழை இடைவெளியோ மேற்படிவோ இருக்கும். சட்டப்படி அங்கே இருப்பது ஒரே எல்லை, ஆகையால் தரவுத்தளத்திலும் அது ஒரு தடவைதான் இருக்க வேண்டும். மூலைப் புள்ளிகள் முதலில், அவற்றை இணைக்கும் எல்லைக்கோடுகள் அடுத்து, கோடுகள் சூழ்ந்த மனை கடைசியில் என்று அடுக்கி வைத்தால், ஒரு மூலையைத் திருத்தும்போது அதைத் தொடும் மனைகள் எல்லாம் சேர்ந்து திருந்தும். மனைகளுக்கு நடுவே இடைவெளி கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்ற விதிகளைக் கணினியே காவல் காக்கும்.

இந்த விதிகளை மூடத்தனமாகப் பயன்படுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஜிஐஎஸ் என்னும் புவியியல் தகவல் மென்பொருளில் அருகருகே உள்ள புள்ளிகளைத் தானாக ஒட்டவைக்கும் வசதி உண்டு. ஒரு புள்ளி சென்ற ஆண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கப்பட்டது, பக்கத்துப் புள்ளி எண்பது ஆண்டுப் பழைய துணி வரைபடத்திலிருந்து வருடியெடுத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டவைக்கும் கருவிக்கு இரண்டும் சமம். அளந்த புள்ளியை நகர்த்தி வருடிய புள்ளியோடு சேர்த்துவிடும், திரையில் இடைவெளி மறையும், பிழை என்று எதுவும் காட்டாது. நல்ல அளவை இப்படித்தான் சத்தமின்றி அழிகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மூல ஆவணம், அளந்த ஆண்டு, துல்லிய வகுப்பு ஆகியவற்றைப் பதிந்து, தாழ்ந்த வகுப்புப் புள்ளி உயர்ந்ததை நகர்த்த முடியாதபடி பூட்டிவைப்பது இன்றியமையாதது.

பரப்பளவும் அப்படித்தான். பத்திரத்தில் எழுதிய பரப்பு ஒன்று, ஆயங்களிலிருந்து கணினி கூட்டித்தரும் பரப்பு மற்றொன்று. பழைய மானியங்களில் ஏக்கர், ரூட், போல் என்ற அளவுகள் வரும். நான்கு ரூட் அல்லது 160 போல் ஓர் ஏக்கர். பின்னர் சதுர அடி, அதன் பின் சதுர மீட்டர். ஒவ்வொரு மாற்றத்திலும் முழுமைப்படுத்தும் வேறுபாடு சேர்ந்திருக்கும். கணினி கூட்டியதே சரி என்று பத்திரப் பரப்பின்மேல் எழுதிவிடுவது பெருந்தவறு. பத்திரப் பரப்பு சட்டத்தின் சொல், கணினிப் பரப்பு வடிவத்தின் விளைவு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். இரண்டும் அனுமதித்த அளவுக்கு மேல் விலகினால், அதை அளவையாளர் தீர்த்துவைக்க வேண்டும், நிரல் தீர்த்துவைக்கக் கூடாது.

காலம் இதைவிட நுட்பமான விஷயம். ஒரு மனை சட்டப்படி பிறந்த நாளும், அது தரவுத்தளத்தில் ஏறிய நாளும் வெவ்வேறு. முன்னதை மட்டும் வைத்தால், சென்ற ஆண்டு அதிகாரி ஒருவர் முடிவெடுத்தபோது திரையில் என்ன தெரிந்தது என்று பின்னால் காட்ட முடியாது. பின்னதை மட்டும் வைத்தால், குறிப்பிட்ட நாளில் உரிமை எப்படி இருந்தது என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல முடியாது. இரண்டு காலங்களையும் வைத்துக்கொண்டு, எதையும் அழிக்காமல், வழக்கொழிந்த மனையை வழக்கொழிந்தது என்று குறித்துக் காப்பதே முறை. உரிமை, எல்லை, அவற்றின் ஆதாரம், காலம் ஆகியவற்றை ஒரே அமைப்பாக எழுதும் இந்தக் கருத்தை 2012இல் வெளியான ஐஎஸ்ஓ 19152 என்ற உலகத் தரநிலை வகுத்துத் தந்திருக்கிறது.

உட்லண்ட்ஸ் ரயில் நிலம்

வரலாறு காக்கப்பட்டதன் பயனை உட்லண்ட்ஸ் ரயில் நிலம்போல வேறெதுவும் காட்டாது. சிங்கப்பூர் முதல் கிராஞ்சி வரையிலான ரயில் பாதை 1903இல் திறக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை வந்தது. 1923இல் ஜோகூர் பாலம் திறந்து ரயில் நீரிணையைக் கடந்தது. இடையே 1918இல் இந்த ரயில்வே ஒரு சட்டத்தின் மூலம் மலாய் கூட்டரசு நாடுகளின் கைக்கு மாறியது. நிலமும் நெடுங்காலக் குத்தகையாகக் கூடவே போனது. 1932இல் பாதை திருப்பப்பட்டுத் தஞ்சோங் பகாரில் புது நிலையம் வந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது, தலைநகரின் நடுவிலிருந்து வடகோடிவரை ஒரு நாடாவைப்போல நீண்ட நிலம் மலாயன் ரயில்வேயின் பொறுப்பில் இருந்தது.

இருபத்துநான்கு கிலோமீட்டர் நீளமான அந்த நாடா பல முக்கிம்களை வெட்டிக்கொண்டு ஓடியது. மனை எண் ஒரே வட்டத்துக்கு உரியது என்பதால், ஒரே பாதை ஒவ்வொரு வட்டத்திலும் வெவ்வேறு எண்களாகச் சிதறியது. 1990 நவம்பர் 27ஆம் தேதி சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுதீனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களின் நிலத்தைப் பற்றியது. அதை நடைமுறைப்படுத்துவதில் இருபது ஆண்டுகள் இழுபறி நீடித்தது. 2010இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பாட்டுக்கு வந்தபோது புக்கிட் தீமாவின் மூன்று துண்டுகளும் சேர்ந்தன. அவற்றைக் கூட்டறிக்கை எப்படிக் குறித்தது என்பது கவனிக்கத்தக்கது: முக்கிம் எண்ணோடு மனை 76-2, மனை 249, மனை 32-10. இரு அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டில் தாய் எண்ணைச் சுமந்த பழைய பாணி மனை எண்களே நிலத்தை அடையாளம் காட்டின.

இந்த ஆறு நிலங்களுக்கும் ஈடாக மரினா சவுத்தில் நான்கு துண்டுகளும் ஒஃபிர்-ரோச்சோரில் இரண்டு துண்டுகளும் இரு நாடுகளின் கூட்டு நிறுவனத்துக்குத் தரப்பட்டன. 2011 ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. மறுநாள் முதல் ரயில் நிலையம் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடிக்கு மாறியது. முதல் மூன்று நிலங்களுக்கு மேம்பாட்டுக் கட்டணம் உண்டா என்ற கேள்வியை நடுவர் மன்றம் 2014 அக்டோபர் 30ஆம் தேதி, கட்டணம் இல்லை என்று தீர்த்தது. 1903இலிருந்து அந்த நிலத்தின் எல்லை எப்படி எப்படி மாறியது என்ற பதிவு கையில் இல்லாதிருந்தால், எதைக் கொடுத்தோம், எதைப் பெற்றோம் என்று இரு தரப்பும் சொல்லியிருக்கவே முடியாது.

உட்லண்ட்ஸில் நிலம் கைமாறுவது நின்றுவிடவில்லை. சோதனைச் சாவடியை விரிவாக்க 2022இல் மார்சிலிங் கிரசென்ட், மார்சிலிங் லேன் பகுதியின் புளோக்குகள் செர்ஸ் திட்டத்தில் அறிவிக்கப்பட்டன. 99 ஆண்டுக் குத்தகை முடியும் முன்பே அந்த வீடுகள் திரும்பப் பெறப்படும். நிலம் எடுப்பு அறிவிப்புகள் அரசிதழில் வரும்போது சில மனைகளின் எண்ணோடு பகுதி என்று பொருள்படும் குறிப்பு சேர்ந்திருக்கும். மனை முழுதும் போகவில்லை, ஒரு பகுதிதான் போகிறது, அதன் இறுதி எல்லை இனிமேல்தான் அளக்கப்படும் என்று பொருள். அதுவரை தரவுத்தளத்தில் அந்தக் கோடு தற்காலிகமானது என்று வெளிப்படையாகக் குறித்திருக்க வேண்டும். உறுதியான கோட்டோடு ஒரே நிறத்தில் அது காட்டப்பட்டால் வீட்டுக்காரர் ஏமாறுவார்.

மேலும் கீழும்

மாடி வீடுகள் பெருகியதும் தட்டையான மனை போதாமல் போனது. 1967இன் அடுக்குமனை உரிமைச் சட்டம் காற்றில் நிற்கும் வீட்டையும் தனி மனையாக்கியது. நிலத்தடிக்கு அந்தத் தெளிவு 2015இல்தான் வந்தது. அந்த ஆண்டு திருத்தப்பட்ட அரசு நிலச் சட்டப்படி, உரிமை ஆவணத்தில் ஆழம் குறிப்பிடாத இடங்களில் மேற்பரப்பு உரிமையாளருக்குச் சொந்தமானது சிங்கப்பூர் உயர மட்டத்துக்குக் கீழே 30 மீட்டர் வரைதான். அதற்குக் கீழே அரசு நிலம்.

முப்பது மீட்டர் தரையிலிருந்து எண்ணப்படுவதில்லை, உயர மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. ஆகவே குன்றின்மேல் வீடு வைத்திருப்பவருக்கும் கடலோரத்தில் வைத்திருப்பவருக்கும் கிடைக்கும் ஆழம் வேறுபடும். கட்டுமானத் துறையில் சில வேலைகளுக்கு உயர மட்டத்தோடு நூறு மீட்டர் கூட்டிக்கொள்வார்கள், சுரங்கத்தில் எதிர்மறை எண் வராதிருக்க. அந்த வரைபடத்தில் 70 என்று இருப்பது சட்டத்தின் கழித்தல் 30. இரண்டு முறைகளும் ஒரே தரவுத்தளத்தில் குறிப்பின்றிக் கலந்தால், அதன் விளைவு நூறு மீட்டர் உயரப் பிழை.

உட்லண்ட்ஸில் இது ஏட்டுப் பேச்சில்லை. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் முதல் கட்டம் 2020 ஜனவரி 31ஆம் தேதி அங்கேதான் நிலத்தடியில் திறந்தது. உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்திலிருந்து ஜோகூர் பாருவுக்குச் செல்லும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் இணைப்பு, சிங்கப்பூர்ப் பக்கம் சுரங்கத்தில் தொடங்கி நீரிணையை மேம்பாலத்தில் கடக்கிறது. ஒரே செங்குத்துக் கோட்டில் சாலை, வீடு, சுரங்கம் என மூன்று உரிமைகள் நிற்க முடியும். தட்டைப் பலகோணம் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, மேற்படிவுப் பிழை என்று அலறும். அடிமட்டமும் மேல்மட்டமும் கொண்ட முப்பரிமாண மனையாக வைத்தால் பிழை என்று தோன்றியது ஒழுங்காக அமைந்துவிடும்.

பத்திரமும் பட்டாவும்

தமிழ்நாட்டின் பதிவுகளை இதோடு ஒப்பிட்டால் வேறுபாட்டின் வேர் தெரியும். அங்கே கிரயப் பத்திரம் பதிவுத் துறையிடம், பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறையிடம். இந்தியப் பதிவுச் சட்டம் 1908 பத்திரத்தைத்தான் பதிகிறது, உரிமைக்கு அரசு பொறுப்பேற்பதில்லை. புலப்படம் ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியாக, சங்கிலியால் அளந்து வரைந்தது. ஆயம் இல்லாத அந்தப் படங்களை கொலாப்லேண்ட் மென்பொருளில் ஏற்றி அடுத்தடுத்து வைத்துப் பொருத்தும்போது ஓரங்கள் சேர்வதில்லை. 2021இல் இந்திய அரசு கொண்டுவந்த பதினான்கு இலக்க நில அடையாள எண் நல்ல தொடக்கம். எண் வருவதற்கு முன் மூலைகளுக்கு நம்பத்தக்க ஆயம் வர வேண்டும், பத்திரமும் பட்டாவும் ஒரே கூரையின் கீழ் வர வேண்டும். இல்லையேல் பழைய குழப்பம் புது எண்ணோடு தொடரும். 1802இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து இந்தியாவின் முக்கோண அளவையைத் தொடங்கிவைத்த மண்ணுக்கு இது எட்டாத காரியம் இல்லை.

சிங்கப்பூரில் பொதுமக்கள் இந்தப் பதிவுகளை இரு வாயில்களில் காணலாம். 1998 முதல் இயங்கும் இன்லிஸ் சேவையில் கட்டணம் செலுத்தி உரிமை விவரத்தையும் வரைபடங்களையும் பெறலாம். 2010இல் வந்த ஒன்மேப் எல்லோருக்கும் இலவசம். ஒன்மேப் வழிகாட்டவும் திட்டமிடவும் மிகச் சிறந்த கருவி. ஆனால் திரையில் தெரியும் மனைக் கோட்டை வைத்துக்கொண்டு யாரும் அண்டை வீட்டாரோடு வாதாடக் கூடாது. வேலி போடுமுன், சுவர் எழுப்புமுன், தரைவீடு வாங்குமுன், மனை எண்ணைக் கொண்டு உரிமைப் பதிவையும் சான்றளிக்கப்பட்ட அளவை வரைபடத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பதிவுபெற்ற நில அளவையாளரை அழைத்து மூலைகளை மீட்டளந்து காட்டச் சொல்ல வேண்டும்.